வீட்டுக்கு அடியில் சுரங்க ரயில்: கட்டடம் இறங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுரங்க ரயில் பாதையின் வரைபடம் வெளியானதும், அந்தக் கோட்டின் மேல் வீடோ கடையோ வைத்திருப்பவர்களுக்கு ஒரே கேள்விதான்: என் கட்டடம் இறங்குமா? கொஞ்சம் இறங்கும். மண்ணில் தோண்டும் எந்தச் சுரங்கமும் மேலே இருப்பதைச் சிறிதாவது அசைக்காமல் போவதில்லை. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், அந்தக் கணக்கை எதுவரை நம்பலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். கட்டடங்களை ஆய்வு செய்யப் போகிற இடங்களில் என்னிடம் கேட்கப்பட்டவைதான் பெரும்பாலான கேள்விகள்.

எங்கோ 20 மீட்டர் ஆழத்தில் தோண்டினால் மேலே ஏன் இறங்க வேண்டும்?

சுரங்கம் தோண்டும் இயந்திரம் வெளியே எடுக்கும் மண், சுரங்கம் அடைத்துக்கொள்ளும் இடத்தைவிடச் சற்று அதிகம். அந்த வித்தியாசம்தான் மேலே வந்து பள்ளமாகிறது.

மண் மூன்று வழிகளில் தப்புகிறது. முன்பக்கம் வெட்டப்படும் முகப்பில், மண்ணின் அழுத்தத்துக்கு ஈடாக இயந்திரம் எதிர் அழுத்தம் கொடுக்காவிட்டால் மண் உள்ளே பிதுங்கும். வெட்டும் தலை இயந்திரத்தின் உடலைவிட ஒரு பொட்டு பெரிது என்பதால் உடலைச் சுற்றி மெல்லிய இடைவெளி இருக்கும். அதிலும் கொஞ்சம் மண் இறங்கும். கடைசியாக வால்பகுதி. இயந்திரம் நகர்ந்ததும், அதன் உள்ளே பூட்டிய கான்கிரீட் வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விடும். அதை உடனுக்குடன் க்ரவுட் (இறுகிக் கெட்டியாகும் குழம்பு) செலுத்தி நிரப்ப வேண்டும். க்ரவுட் தாமதமானாலோ, குறைந்தாலோ, மண் முந்திக்கொள்ளும்.

இப்படித் தப்பிய மண்ணைச் சுரங்கத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் எத்தனை சதவீதம் என்று சொல்வது வழக்கம். இதை மண் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் கொடுக்கும் நவீன இயந்திரம் ஒழுங்காக ஓடினால் 1 சதவீதத்துக்குள் நிற்கும். இறுகிய களிமண்ணில் முகப்பைத் திறந்தபடி தோண்டினால் 1 முதல் 2 சதவீதம்.

மில்லிமீட்டரில் சொல்லுங்கள். எவ்வளவு?

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். சுரங்கத்தின் விட்டம் 6.5 மீட்டர், மையத்தின் ஆழம் 20 மீட்டர், மண் களிமண், இழப்பு 1 சதவீதம். குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 33 சதுர மீட்டர். அதில் 1 சதவீதம் என்றால், சுரங்கத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 0.33 கன மீட்டர் மண்.

தரைமட்டத்தில் இந்த 0.33 கன மீட்டரும் ஒரு கவிழ்த்த மணியின் வடிவில் பள்ளமாகப் பரவும். அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பெக் பல சுரங்கங்களின் அளவீடுகளைத் தொகுத்து 1969இல் முன்வைத்த வடிவம் இது. புள்ளியியலில் வரும் அதே மணிவளைவு. பள்ளத்தின் அகலத்தை ஒரே எண் தீர்மானிக்கிறது: நடுக்கோட்டிலிருந்து வளைவு திரும்பும் புள்ளி வரையான தூரம். களிமண்ணில் அது ஆழத்தில் ஏறத்தாழப் பாதி. மணலில் கால்வாசி அளவு. நம் எடுத்துக்காட்டில் 10 மீட்டர். பள்ளத்தின் நடுவில் இறக்கம் சுமார் 13 மில்லிமீட்டர் என்று வருகிறது. 10 மீட்டர் தள்ளி 8. 20 மீட்டர் தள்ளி 2க்கும் கீழே. 30 மீட்டரில் அளக்கவே வராது.

இப்போது ஆழத்தை மட்டும் 10 மீட்டராக்குங்கள். இறக்கம் இரட்டித்து 26 மில்லிமீட்டர் ஆகும். ஆனால் பள்ளத்தின் அகலம் பாதியாவதால் அதிகபட்சச் சரிவு 1250இல் 1 (1250 மில்லிமீட்டர் தூரத்துக்கு 1 மில்லிமீட்டர் இறக்கம்) என்று இருந்தது 310இல் 1 ஆகிவிடும், அதாவது நான்கு மடங்கு. கட்டடத்தை உடைப்பது இந்தச் சரிவும் வளைவும்தான். ‘எத்தனை மில்லிமீட்டர் இறங்கும்’ என்று மட்டும் கேட்பவர்களிடம் ‘எத்தனை மீட்டர் தூரத்துக்குள்’ என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம்.

இரண்டு சுரங்கங்கள் பக்கம் பக்கமாகப் போகின்றனவே?

இரண்டு பள்ளங்களையும் கூட்டுவார்கள். முதல் சுரங்கம் ஏற்கெனவே மண்ணைத் தளர்த்தியிருப்பதால் இரண்டாவதில் இழப்பு கூடுதலாக வருவது உண்டு. இரண்டுக்கும் ஒரே சதவீதம் போட்ட அறிக்கை கையில் கிடைத்தால், காரணம் கேட்பதில் தவறில்லை.

13 மில்லிமீட்டர் இறங்கினால் விரிசல் விடுமா?

முழுக் கட்டடமும் ஒரே சீராக 13 மில்லிமீட்டர் இறங்கினால் உள்ளே குடியிருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. வாசல்படியில் நுழையும் குழாய்களும் கழிவுநீர் இணைப்பும்தான் முதலில் முனகும். ஒரு மூலை 13, எதிர்மூலை 2 என்றால் கதை வேறு.

பள்ளத்தின் நடுப்பகுதியில் மண் கிண்ணம்போல் குழிகிறது. அங்கே நிற்கும் சுவர் நடுவில் தொங்கும். பக்கவாட்டில் மண் நெருக்கவும் செய்யும். நெருக்குதல் விரிசலுக்கு எதிரி என்பதால் இது ஓரளவு தாங்கக்கூடியது. வளைவு திரும்பும் புள்ளியைத் தாண்டினால் மண் முதுகுபோல் மேல்நோக்கி வளைகிறது; கூடவே கிடையாகவும் சுரங்கத்தை நோக்கி இழுக்கிறது. சுவரின் மேல்விளிம்பு பிளக்கப் பார்க்கும். கீழே விளிம்பைப் பிடித்துவைக்க அஸ்திவாரம் இருக்கிறது. மேலே அப்படி எதுவும் இல்லை. அதனால் செங்கல் கட்டடத்துக்குக் கிண்ணத்தைவிட முதுகுதான் ஆபத்து. சுரங்கத்துக்கு நேர் மேலே இருக்கும் வீட்டைவிட, பக்கத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும் நீளமான பழைய வீடு கூடுதல் விரிசல் கண்டால் வியப்படைய வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பிரதான கட்டடத்தோடு பின்னாளில் ஒட்டிக் கட்டிய சமையலறை, கழிப்பறை, படிக்கட்டு ஆகியவற்றின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழம் குறைவு. இரண்டும் சேரும் இடத்தில்தான் முதல் விரிசல். ஆய்வுக்குப் போனால் முதலில் என் கண் அங்கேதான் போகும்.

எல்லாக் கட்டடத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுவார்களா?

பாதை நெடுக ஆயிரக்கணக்கான கட்டடங்கள் இருக்கும். அதனால் மூன்று கட்டமாகச் சலித்தெடுப்பார்கள்.

முதல் சல்லடையில் கட்டடமே இல்லை, வெறும் தரை என்று வைத்துக்கொள்கிறார்கள். எங்கே இறக்கம் 10 மில்லிமீட்டருக்குள்ளும் சரிவு 500இல் 1க்குள்ளும் இருக்கிறதோ அந்தக் கட்டடங்களை விட்டுவிடுவார்கள். இரண்டாவதில் கட்டடத்தை ஒரு சாதாரண பீமாகப் பாவித்து, வெறுந்தரை எப்படி வளைகிறதோ அப்படியே வளைத்து, அதில் எவ்வளவு இழுவிசைத் திரிபு (தன் நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது என்ற அளவு) வருகிறது என்று பார்ப்பார்கள். உண்மையில் கட்டடத்துக்கு ஒரு விறைப்பு உண்டு, மண் வளைந்தபடியெல்லாம் அது வளைந்துகொடுக்காது. ஆகவே இந்தக் கட்டத்தில் வரும் முடிவு பொதுவாகக் கெட்டதையே கூடுதலாகக் காட்டும். வேண்டுமென்றே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

அதிலும் தேறாதவைதான் மூன்றாம் கட்டத்துக்கு வரும். அஸ்திவாரம் என்ன, சுரங்கம் எந்தக் கோணத்தில் கடக்கிறது, முன்பே எவ்வளவு இறங்கிய கட்டடம், விறைப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கணினி மாதிரியில் ஏற்றிப் பார்ப்பார்கள். கோயில், தேவாலயம், நினைவுச் சின்னம் போன்றவற்றை முதல் இரண்டு சல்லடைகளில் தேறினாலும் நேரே மூன்றாவதுக்குக் கொண்டுபோவது நல்ல வழக்கம்.

அறிக்கையில் ‘சேத வகை 2’ என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

0 முதல் 5 வரையான இந்த வரிசையை பிரிட்டனின் ஜான் பர்லண்டும் உடன் பணியாற்றியவர்களும் 1977இல் வகுத்தார்கள். சரிசெய்வது எவ்வளவு சிரமம் என்பதே அதன் அடிப்படை. விரிசலின் அகலம் ஒரு துணை அடையாளம் மட்டுமே.

0 என்றால் 0.1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய கீற்று. 1 என்றால் 1 மில்லிமீட்டர் வரை, வெள்ளையடிக்கும்போதே மறைந்துவிடும். 2 என்றால் 5 மில்லிமீட்டர் வரை. பட்டி பார்க்க வேண்டும், கதவு ஜன்னல் கொஞ்சம் இறுகும். 3இல் 5 முதல் 15 வரை. செங்கலைப் பிரித்துக் கட்ட வேண்டிவரலாம், குழாய்கள் முறியலாம். 4 என்பது 15 முதல் 25; சுவரின் பகுதிகளையே மாற்ற வேண்டும். 5 வந்தால் கட்டடம் நிற்குமா என்பதே கேள்வி.

இதில் 2க்கும் 3க்கும் நடுவிலான கோடு முக்கியம். 2 வரை உள்ள விரிசல் வெயிலாலும், காரை காய்ந்து சுருங்குவதாலும்கூட வரும். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்வது கடினம். 3க்குப் போய்விட்டால் அநேகமாக அஸ்திவாரம்தான் நகர்ந்திருக்கிறது. அதனால்தான் பெரும்பாலான திட்டங்கள் 2ஐ மேல்வரம்பாக வைக்கின்றன. 1989இல் ஆய்வாளர்கள் போஸ்கார்டினும் கோர்டிங்கும் இந்த வகைகளைத் திரிபு அளவோடு இணைத்தார்கள்: வகை 2இன் உச்சம் 0.15 சதவீதம். 10 மீட்டர் சுவர் 15 மில்லிமீட்டர் இழுபடுவதற்குச் சமம்.

பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ‘பாதிப்பே இல்லை’ என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால், அந்தப் பேச்சும் இந்த 2உம் ஒத்துப்போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்டடம் பைல் அஸ்திவாரம். தப்பித்தோம்தானே?

பைல், அதாவது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண், எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்தது. பைலின் அடிநுனி சுரங்கத்தின் உச்சிக்குச் சற்று மேலே இருந்தால், பைலின் பாரத்தைத் தாங்கிய மண்ணையே சுரங்கம் தளர்த்திவிடும். சாதாரண மேலோட்டமான அஸ்திவாரத்தைவிட அது மோசமாகலாம். சுரங்கத்தைவிட ஆழமாகப் போய், போதிய தூரம் தள்ளி நிற்கும் பைல் பெரும்பாலும் நல்லது. அங்கேயும் சுற்றியுள்ள மண் இறங்கும்போது பைலைக் கூடவே கீழே இழுக்கும், பக்கவாட்டில் வளைக்கும்.

சொல்லப்போனால், பல பழைய கட்டடங்களில் பைல் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. வரைபடம் தொலைந்திருக்கும், இருந்தாலும் அதில் இருப்பது போடத் திட்டமிட்ட ஆழம், போட்ட ஆழம் அல்ல.

சுரங்கம் தொலைவில், ஆனால் நிலையத்துக்கான பெரிய குழி பக்கத்திலேயே தோண்டுகிறார்கள்.

அப்படியானால் உங்கள் கவலை குழியைப் பற்றியதாக இருக்கட்டும். சுற்றிலும் டயஃப்ரம் சுவர் (தோண்டுமுன்பே மண்ணுக்குள் வார்க்கும் கான்கிரீட் சுவர்) இறக்கி, முட்டுக் கொடுத்தபடி கீழே கீழே தோண்டுவார்கள். ஒவ்வொரு படி தோண்டும்போதும் சுவர் உள்ளே கொஞ்சம் வளையும். பின்னால் உள்ள மண் இறங்கும்.

அதைவிட நயமாக வேலை செய்வது தண்ணீர். குழியைக் காயவைக்க நிலத்தடி நீரை இறைத்தால், நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள மண்மீது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் கூடுதல் பாரம் ஏற்றியதற்குச் சமம். மென்களிமண் அந்தப் பாரத்தில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அமுங்கும். சுரங்கத்தின் பள்ளம் சில பத்து மீட்டரோடு நின்றுவிடும். நீர்மட்ட இறக்கம் நூற்றுக்கணக்கான மீட்டர் பரவலாம். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கீழே போனது என்று வீட்டுக்காரர் கயிறு விட்டு அளந்து எழுதிவைத்த ஒரு பள்ளிக்கூட நோட்டு, ஒருமுறை எனக்கு எந்தக் கருவியையும்விடப் பயன்பட்டது.

வேலை தொடங்குமுன் வந்து வீட்டைப் படமெடுக்கிறார்கள். விடலாமா?

கட்டாயம் விடுங்கள். விடாதவர்களுக்குத்தான் நஷ்டம். பின்னாளில் விரிசல் கண்டு கேட்கும்போது, முன்பு எப்படி இருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் இருக்காது.

இந்த வேலையில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது இதுதான். மூன்றாம் கட்டக் கணினிக் கணக்குக்கு மாதக்கணக்கில் செலவழித்துவிட்டு, வீட்டு ஆய்வை அரைமணி நேரத்தில் அள்ளித் தெளிப்பார்கள். உடன் நடந்து பாருங்கள். அலமாரியைத் தள்ளிப் பின்சுவரைப் படமெடுத்தார்களா? ஜன்னல் மூலைகள், பீமும் சுவரும் சேரும் இடம், மாடிப்படிக்கு அடியில், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் வந்ததா? ஒவ்வொரு விரிசல் பக்கத்திலும் அளவு அட்டை வைத்தார்களா? அட்டை இல்லாத படத்தில் 1 மில்லிமீட்டரும் 3 மில்லிமீட்டரும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பழைய விரிசலுக்கும் புதிதுக்கும் வித்தியாசம் சொல்லும் எளிய வழி ஒன்று: டார்ச்சைச் சாய்த்து அடித்து உள்ளே பாருங்கள். பழையதன் விளிம்பு மழுங்கியிருக்கும், உள்ளே தூசி, சிலந்தி நூல், முந்தைய சுண்ணாம்பு வழிந்த தடம் இருக்கும். புதியதன் விளிம்பு கூர்மை. உள்ளே செங்கலோ காரையோ பளிச்சென்று தெரியும். ஒரு வீட்டில் கூடத்து விரிசல் முந்தின வாரம்தான் வந்தது என்று வீட்டுக்காரர் சாதித்தார். அதற்குள் இரண்டு நிறப் பெயிண்ட் இறங்கியிருந்தது. அதே வீட்டின் பின்கட்டில், அவர் கவனிக்காமலே விட்ட ஒரு கீற்று புத்தம்புதியது.

நீங்களே செய்யக்கூடியது: விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்கே சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் விரிசல் வளர்கிறது.

சுவரில் கண்ணாடித் துண்டு மாதிரி ஏதோ ஒட்டிவிட்டுப் போனார்கள். என்ன அது?

ப்ரிசம். தூரத்தில் நிறுத்தியிருக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற தானியங்கி அளவைக் கருவி அதன்மீது கதிர் பாய்ச்சி, அது எங்கே இருக்கிறது என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும். இவை தவிர லெவல் எடுக்கத் தரையில் ஆணிகள், சாய்வு பார்க்க டில்ட் மீட்டர், விரிசல்மேல் கிராக் கேஜ், மண்ணுக்குள் நீரழுத்தம் பார்க்கப் பீசோமீட்டர்.

கட்டடம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். சுரங்கம் பக்கத்திலேயே வராத நாளிலும் ப்ரிசம் ஓரிரு மில்லிமீட்டர் ஆடும். ஆகையால் இயந்திரம் வருவதற்குச் சில மாதம் முன்பே அளவெடுக்கத் தொடங்கி, அந்தக் கட்டடத்தின் இயல்பான மூச்சு எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முந்தின வாரம் ஒட்டிய ப்ரிசத்தை வைத்து ‘அசைவே இல்லை’ என்று சொல்வதற்கு மதிப்பில்லை. எச்சரிக்கை வரம்புகள் பெரும்பாலும் போக்குவரத்து விளக்குபோல இருக்கும்: ஆரஞ்சில் பேச்சு, சிவப்பில் வேலை நிறுத்தம்.

சிவப்பு வந்தால் என்ன செய்ய முடியும்?

இயந்திரத்தின் முகப்பு அழுத்தத்தையும் வால்பகுதி க்ரவுட்டையும் திருத்துவதுதான் முதல் மருந்து, மலிவான மருந்தும்கூட. அதற்கு மேல் வேண்டுமானால் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் முடியாது.

1990களில் லண்டனில் ஜூபிலி பாதைக்காக வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தை 39 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினார்கள். பக்கத்தில் பிக் பென் மணிக்கூண்டு. கூண்டுக்கு அடியில் களிமண்ணுக்குள் துளையிட்ட குழாய்களைக் கிடையாக முன்பே செருகிவைத்து, கூண்டு சாயச் சாய அவற்றின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக க்ரவுட் செலுத்தி நிமிர்த்திப் பிடித்தார்கள். பார்சிலோனாவில் சாக்ரடா ஃபமிலியா தேவாலயத்தை ஒட்டி அதிவேக ரயில் சுரங்கம் 2010இல் போனபோது வேறு வழி: தேவாலயத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவே மண்ணுக்குள் பைல்களாலான ஒரு மறைப்புச் சுவர்.

கட்டடங்கள் இடிந்தே விழுந்திருக்கின்றனவே? அதெல்லாம் கணக்குத் தப்பியதாலா?

இல்லை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மணிவளைவுக் கணக்கு, வேலை ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கான பதில். மக்கள் அஞ்சுவதோ வேலை கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு. கேள்வி வேறு.

ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று வரலாற்று ஆவணக் காப்பகம் இடிந்து விழுந்தது. பக்கத்துக் கட்டடங்களில் இருந்த இருவர் இறந்தனர். அருகே சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய குழியின் டயஃப்ரம் சுவரில் இருந்த குறை வழியாக மண்ணும் நீரும் உள்ளே பாய்ந்ததே காரணம். ஆம்ஸ்டர்டாமில் 2008இல் ஃபைசல்கிராக்ட் நிலையக் குழியின் சுவர் ஒழுகி, பழைய வீடுகள் சென்டிமீட்டர் கணக்கில் இறங்கின. கொல்கத்தாவின் பவ்பஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று இயந்திரம் நீர்தாங்கு மண்ணில் இடித்து, நீரும் வண்டலும் சுரங்கத்துக்குள் கொட்டின. மேலே வீடுகள் சரிந்தன, நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். மூன்றிலும் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. 1 சதவீத இழப்புக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

ஆகவே சேத வகை அட்டவணையோடு திருப்தியடைந்துவிடாமல், நீர் உள்ளே வந்தால் என்ன திட்டம், எவ்வளவு நேரத்தில் எங்களை வெளியேற்றுவீர்கள், அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் இரவுப்பணியில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இயந்திரம் போன பிறகும் இறங்குமா?

மணலில் சில நாளில் அடங்கிவிடும். களிமண்ணில் நீரழுத்தம் சமநிலைக்கு வரும்வரை மெதுவாகத் தொடரும். சுரங்கமே வடிகால்போல நீரை உறிஞ்சினால் வருடங்கள்கூட ஆகும். இந்தப் பிந்தைய இறக்கம் அகலமாகப் பரவுவதால் விரிசல் தருவது குறைவு.

ரயில் ஓடும் அதிர்வால் வீடு இறங்குமா?

பொதுவாக இல்லை. இரவில் காதில் விழும், தூக்கம் கெடும். அது தனிப் பிரச்சினை.

விரிசலை எப்போது பூசலாம்?

அளவீடுகள் தட்டையான பிறகு. இரண்டாவது சுரங்கமும் கடந்து, சில மாத அளவுகளில் ஏற்றஇறக்கம் வெயிலுக்கும் குளிருக்கும் ஆடுவது மட்டும்தான் என்று தெரியும்வரை பொறுங்கள். அவசரப்பட்டுப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் அடுத்த மாதம் அதே இடத்தில் திறக்கும். பென்சில் கோடும் தேதியும் பெயிண்டுக்கு அடியில் போயிருக்கும். மழைநீர் இறங்கும் விரிசலாக இருந்தால் மட்டும், இளகும் தன்மையுள்ள சீலண்டால் தற்காலிகமாக அடையுங்கள், அடைக்குமுன் அளவு அட்டையோடு ஒரு படம் எடுத்துவிட்டு.